தேவதாரு இருமல்

வெண்டல் செத்து அடக்கமான வாரமே அவன் இருமல் அவன் வளர்த்த மலைப்பாம்பின் வாயிலிருந்து வர ஆரம்பித்தது. இரண்டு குட்டை இருமல், ஒரு நீளம், பிறகு தொண்டைச் செருமல். அவன் மனைவி நடீனுக்குச் சந்தேகமே வரவில்லை. உயிரோடிருந்தபோதும் அவன் பேச்சில் பாதி அதுதான்.

எங்கள் டெக்ஸாஸ் ஊர் தேவதாரு மரம் அறுத்துப் பிழைப்பது. நாய்க்கும் குதிரைக்கும் படுக்கை அந்த மரச்சீவல்தான். சவப்பெட்டியும் அந்த மரம்தான். மில்லில் வேலை பார்த்த வெண்டல் மூட்டை மூட்டையாகச் சீவல் கொண்டுவந்து பாம்பின் கண்ணாடிப் பெட்டியில் பரப்புவான். பூச்சி அண்டாத மரம் பாம்பை என்ன செய்யும் என்று இங்கே யாரும் கேட்டதில்லை. மில்லில் எல்லோரும் ஏன் இருமுகிறார்கள் என்றும் கேட்டதில்லை.

பாம்பு எலியைத் தொடவில்லை. சட்டை துண்டு துண்டாக உரிந்தது. வாயோரம் எச்சில் குமிழி கட்டியது. பாம்பு வளர்க்கும் பக்கத்து வீட்டு எர்லீன் எட்டிப் பார்த்துவிட்டுத் திட்டினாள்.

"சீவல அள்ளிக் கொட்டுடீ. அந்த மரத்து எண்ணெய்தான் அது நெஞ்ச அறுக்குது. வெறும் செய்தித்தாள விரி. டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போ."

"குணமாயிட்டா இருமல் நின்னுருமே."

"செத்தாலும் நின்னுரும். ரெண்டுலயும் உனக்கு நஷ்டந்தான். அதுவாவது பொழைக்கட்டும்."

நடீன் கேட்கவில்லை. பெட்டியருகே நாற்காலியைப் போட்டு இருமலைக் கேட்டபடி நாட்களைக் கழித்தாள். ஒரு காலை, படுத்தால் மூச்சு முட்டுவதால் பாம்பு தலையைக் கண்ணாடியில் சாய்த்து நிமிர்ந்து நின்றது. கடைசி மாதங்களில் வெண்டலும் உட்கார்ந்தேதான் தூங்கினான்.

"உன்னையும் இப்படித்தான் வேடிக்க பாத்தேன், வெண்டல்" என்றாள்.

சீவலை அள்ளிக் கொல்லையில் கொட்டினாள். செய்தித்தாள் விரித்தாள், பெட்டியின் சூட்டைக் கூட்டினாள், டாக்டர் கொடுத்த ஊசியைத் தானே போட்டாள். ஒட்டிய தோலை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து ஈரத்துணியால் எடுத்தாள். பாம்பு எலி தின்றது. வீடு அமைதியானது. அந்த அமைதியில் அவள் சமைப்பதையே விட்டாள்.

பிறகு ஒருநாள் காற்றடித்தபோது கொல்லைக் குவியல் இருமியது. இரண்டு குட்டை, ஒரு நீளம், செருமல்.

தபால்காரர் ஆரம்பத்தில் தயங்கினார், இப்போது "என்ன வெண்டல், பனி ஒத்துக்கலயா?" என்று கேட்டுவிட்டுக் கடிதத்தைப் போடுகிறார். மழை வந்தால் நடீன் திட்டிக்கொண்டே போய்க் குவியலின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடுகிறாள்.