கிளாம்பின் மேல் கட்டிய மஞ்சள் துணி

துணியில் தெரிகிற அந்தக் கறை குங்குமமாகத்தான் இருக்கும், வேறென்ன, வெள்ளிக்கிழமை பூஜையில் கிணற்றுக்காரி ரெங்கம்மாள் அக்கா கை நிறைய அள்ளித்தானே அப்பினாள்... ஆனால் குங்குமம் என்றால் துணிக்கு மேலே அல்லவா இருக்க வேண்டும், இது உள்ளேயிருந்து கசிந்த மாதிரி, துருவின் நிறத்தில்... காசிமாயன் கிரேன் லீவரில் வைத்த கையை எடுக்காமல், கிணற்றுக்கு மேல் தொங்கும் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று ஆள் நிற்கலாம் அந்த இரும்புத் தொட்டியில். அதன் வளையத்துக்குள் கம்பி ரோப்பை நுழைத்து, மடக்கி, மடக்கிய இடத்தில் மூன்று கிளாம்பு போட்டு நட்டு முறுக்கியிருக்கிறது, அம்புட்டுதான், எஞ்சின் என்ன கத்துக் கத்தினாலும் ஆள் உயிர் அந்த மூன்று கிளாம்பில். பாறை ஏற ஏற ரோப்பு நசுங்கி மெலியும், நட்டு தானாகத் தளரும், அதனால் தினமும் காலையில் ஸ்பானர் வைத்து ஒரு தடவை முறுக்கிவிட்டுத்தான் எஞ்சினையே கிளப்புவான். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முறுக்கவில்லை. எங்கே முறுக்க, அதற்கு மேலேதான் மஞ்சள் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டாயிற்றே.

அவளைச் சொல்லி என்ன, தொட்டியை இறக்கி வாகாகப் பிடித்துக்கொண்டு நின்றது யார்... நாகமலை ஓரத்தில் போன வருஷம் வெட்டிய கிணறு வெறும் பாறையாகப் போயிற்று, ரெண்டு வருஷமாக மழை முகத்தைக் காட்டவில்லை, இருக்கிற ஒரே கிணற்றை ஆழப்படுத்தி அதில் ஊற்றுக்கண் திறக்காவிட்டால் நிலத்தை விட்டுவிட்டு மதுரைக்கு மூட்டை தூக்கத்தான் போக வேண்டும், அந்தப் பொம்பளை சாமியைக் கும்பிடாமல் வேறு யாரைக் கும்பிடுவாள்? தண்ணி பார்க்கிற வரைக்கும் ஒருத்தரும் இதை அவுக்கப்படாது என்றாள். ஒரு சாண் மேலே கட்டுக்கா என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. சூடம் எரிந்துகொண்டிருந்தது, எல்லாரும் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள், அந்த நேரத்தில் நட்டு கிளாம்பு என்று பேச வாய் கூசிவிட்டது. நேற்று தங்கச்சி புருஷன் விருமாண்டியிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான், அவன் ஒரே சிரிப்பு, மச்சானுக்கு வர வர சின்னப்பிள்ளைப் பயம், சாமிக்கு மேலயா உன் ஸ்பானரு? இவனும் சேர்ந்து சிரித்தான். ஏன் சிரித்தோம்?

அந்த விருமாண்டிதான் இப்போது கீழே, இன்னும் ரெண்டு பேரோடு, பாறையில் போட்ட குழிகளுக்குள் வெடிமருந்து கெட்டித்துக்கொண்டிருக்கிறான். கல்படி பாதிக் கிணற்றோடு சரி, அதற்குக் கீழே சுவர் வழவழவென்று நிற்கிறது. தொட்டி இறங்கியதும் திரியைப் பற்றவைப்பார்கள், மூன்று பேரும் தாவி ஏறுவார்கள், ஏத்து என்று குரல் வரும், அந்தக் குரலுக்குப் பிறகு யோசிக்க நேரம் கிடையாது. நடுவில் ரோப்பு நழுவினால், கீழே எரிகிற திரிமேலேயே போய் விழுவார்கள்... தங்கச்சி முத்துத்தாய் ஆறு மாதம் முழுகாமல் இருக்கிறாள். அவளிடம் போய் என்ன சொல்வது, சாமி குத்தமாகிவிடும் என்று பார்க்கவில்லை தாயீ என்றா? நாலு நாளாக ஒன்றும் ஆகவில்லையே, இன்றைக்கு மட்டும் ஆகிவிடுமா... ஆகாது... ஆகாது என்று யார் சொன்னது?

கை தானாக லீவரைத் தள்ளிவிட்டது. தொட்டி கிணற்றுக்கு மேலிருந்து விலகிக் கரையில் இறங்கியது, எஞ்சினை நிறுத்தினான், திடீரென்று அம்புட்டு அமைதி. திரி வைக்காதீங்கடா, நான் சொல்ற வரைக்கும் வைக்காதீங்க என்று கிணற்றுக்குள் கத்தினான், என்ன மச்சான் என்று கேள்வி வரும்போதே கத்தியை எடுத்துவிட்டான். டீசல் வாங்க அக்கா வீட்டுக்காரர் மலைச்சாமி மாமா காளவாசல் போயிருந்தது ஒரு வகையில் நல்லது, ஆனால் அக்கா கண்டுவிட்டாள், வைக்கோலைப் போட்டது போட்டபடி ஓடி வந்தாள்.

"தம்பி, அதுல கைய வைக்காத! உன்னயக் கையெடுத்துக் கும்பிடுறேன், இன்னும் ஈரங்கூடத் தட்டலையே..."

"அக்கா, கீழ மூணு உசுரு இருக்கு. என்னய மன்னிச்சிருக்கா."

கத்தி பட்டதும் துணி சுலபமாகப் பிரிந்தது. உள்ளே துருவில்லை, குங்குமம்தான் கிரீஸில் குழைந்து ஊறியிருக்கிறது. பரவாயில்லை, நட்டைப் பார்ப்போம்... முதல் நட்டில் ஸ்பானரை மாட்டி இழுத்தான், அசையவில்லை. இரண்டாவது, அதுவும். மூன்றாவதில் உடம்புக் கனம் முழுவதையும் கொடுத்துத் தொங்கினான், நகரு, கொஞ்சம் நகரு, கால் சுற்றாவது... கல் மாதிரி நின்றது. ரோப்பைத் தடவினான், ஒரு கம்பி அறுந்திருக்கிறதா, ஒன்றே ஒன்று... எல்லாம் முழுசாக இருந்தது. இதற்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்க வேண்டாமா? ஏன் ஏமாந்த மாதிரி இருக்கிறது? தங்கச்சி புருஷன் ஏறுகிற ரோப்பில் பழுது இல்லையே என்று தவிக்கிற கை எப்படிப்பட்ட கை?

லூசா இருந்துச்சா என்று அக்கா கேட்டாள், துணியை நெஞ்சோடு பிடித்திருந்தாள். கீழேயும் சத்தம் நின்றுபோயிற்று. அவர்களும் கேட்கிறார்கள். இல்லை என்று சொன்னால் இனி எந்தத் துணியையும் தொட விடமாட்டார்கள், கிணறு வறண்டால் காலத்துக்கும் இவன்தான் காரணம்...

"லூசுதான், ஒரு சுத்து வாங்குச்சுக்கா," என்றான்.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள், ஆத்தா, நீதான் அவன் கையில வந்து அவுத்த என்று சொல்லிச் சொல்லி அழுதாள். கிணற்றுக்குள்ளிருந்து சிரிப்பு வரவில்லை. பிறகு விருமாண்டியின் குரல், இதுவரை கேட்டிராத ஒரு சின்னக் குரல். "மச்சான்... இன்னொருவாட்டி முறுக்கிட்டு எறக்கு மச்சான்."

காசிமாயன் ஸ்பானரை எடுத்தான். துளியும் தளராத நட்டில் மாட்டி, கீழே இருப்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி முக்கி முனகி இழுத்தான். மெய்யைச் சொல்லியிருந்தால் விருமாண்டி இப்படிக் கேட்டிருப்பானா... மாட்டான். அப்படியானால் நாளைக்கு? நாளைக்கும் ஒரு சுற்று வாங்கியது என்றுதான் சொல்ல வேண்டுமா?