பொதுவில் எழுதிய ஆள்

பட்டாசு முதலாளி ராஜபாண்டியனின் இரண்டு கைகளும் ஓர் ஆனி மாதத் திங்கட்கிழமை காலை ஏழேகால் மணிக்கு மணிக்கட்டு வரை வெள்ளி நிறமாயின. அப்போது அவர் சூலக்கரை ஆபீசில் காபி குடித்துக்கொண்டிருந்தார். மருந்தையோ திரியையோ அவர் தொட்டதில்லை. ஆமத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் தன் யூனிட்டுக்குள் அவர் கால் வைத்தே பதினோரு வருடமாகியிருந்தது.

காரணம், முந்தைய சனிக்கிழமை முடிந்த ஒரு மென்பொருள் வேலை. அவரிடம் மூன்று மென்பொருள்கள் ஓடின. ஒன்று யூனிட் வாசலில் கைரேகை பார்த்து வேலையாட்களை உள்ளே விட்டது. ஒன்று லோடு ஏற்றும் டிரைவர்களைக் கவனித்தது. மூன்றாவது, விருதுநகரில் அவர் வீட்டுக் கதவை அவர் கைக்கு மட்டும் திறந்துவிட்டது. மூன்றையும் எழுதியவள் ரோஜா. அவள் அம்மா சண்முகத்தாய் அதே யூனிட்டில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைப்பவள். ஆள் என்றால் யார், பெயர் என்ன, கை எது என்பதை ரோஜா மூன்று இடத்திலும் தனித்தனியாக எழுதி வைத்திருந்தாள்.

சென்னையிலிருந்து தருண்குமார் என்ற ஆலோசகர் வந்தார். வெயில் ஆகாது என்பதால் யூனிட்டைப் பார்க்கவில்லை. ஒரே விஷயத்தை மூன்று முறை எழுதுவது நாகரிகம் தெரியாதவர்கள் செய்கிற காரியம் என்று திரையில் நாற்பது படம் போட்டுக் காட்டினார். பொதுவானதை ஓரிடத்தில் எழுதி, மூன்றும் அதையே எடுத்துக்கொள்ள வேண்டுமாம். பெயரும் பிறந்த தேதியும் பொதுவாக இருக்கலாம், மற்றதைச் சேர்த்துக் கட்டினால் ஓரிடத்தில் படுவது எல்லா இடத்திலும் படும் என்று ரோஜா சொல்லிப் பார்த்தாள்.

“எல்லாரும் மனுசங்கதானம்மா. ஒருக்க எழுதினாப் போதும்” என்றார் ராஜபாண்டியன். இந்த வாக்கியத்தை அவர் அதுவரை மேடையில் மட்டுமே சொல்லியிருந்தார். ரோஜா ஒருக்க எழுதினாள்.

வெள்ளி போகவில்லை. சோப்பு, எலுமிச்சை, மண்ணெண்ணெய், மதுரையில் தோல் டாக்டர், வீட்டில் ஒரு ஹோமம் என்று ஒன்று விடாமல் பார்த்தார்கள். அமைப்பு மிகச் சரியாக வேலை செய்கிறது என்று தருண்குமார் போனில் வாழ்த்தினார். விஷயத்தைக் கண்டுபிடித்தது மனைவி யோகலட்சுமிதான். ஞாயிற்றுக்கிழமை கை சுத்தமாக இருக்கிறது. மற்ற நாளில் மாலை ஏழு மணிவாக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளி போகிறது. ஆமத்தூரில் குழாயில் தண்ணீர் வராத அன்று மட்டும் மறுநாள் மதியம் வரை அப்படியே கிடக்கிறது. மருந்து அறையில் இருந்த நாற்பத்து மூன்று பேரில் கடைசி ஆள் வீட்டுக்குப் போய் அலுமினியப் பவுடரைக் கழுவுகிறவரை முதலாளியின் கை கழுவப்படாது என்பது அத்துடன் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

ராஜபாண்டியன் மூன்றையும் பிரிக்கச் சொன்னார். மூன்று மாதமாகும், சீசன் நேரத்தில் கை வைத்தால் எல்லாம் நின்றுவிடும் என்றாள் ரோஜா. இன்றைக்கே பிரி என்றார். பிரித்தாள். அந்த ஒரு மணி நேரம் யூனிட் வாசல் யாரையும் ஆளாக மதிக்கவில்லை. பதினான்கு லாரிகள் மெயின் ரோடு வரை வரிசையாக நின்றன. ராஜபாண்டியனையும் அவர் வீட்டுக் கதவு ஆளாக எடுத்துக்கொள்ளவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்பது டிகிரி வெயிலில் தெருவில் நின்றவர், பழையபடி சேர்த்துவிடச் சொன்னார்.

மறுநாள் யூனிட்டுக்குப் போனார். மருந்து அறை எங்கே இருக்கிறது என்று வாட்ச்மேனிடம் கேட்க வேண்டியிருந்தது. வாசலோரம் இருந்த சண்முகத்தாயிடம் நின்றார்.

“ஏத்தா, வேலை முடிஞ்சதும் இங்கனயே கையக் கழுவிட்டுப் போனா என்னத்தா?”

“தண்ணி இருந்தாக் கழுவ மாட்டமா மொதலாளி? அம்புட்டுப் பேரும் கேட்டுக் கேட்டு விட்டுட்டோம். மத்தியானச் சோத்தையும் இந்தக் கையோடதான் திங்கிறோம்.”

ஒரு மாதமாக ஸ்பூனில் சாப்பிட்டு வந்த ராஜபாண்டியனுக்கு அந்தச் சிரமம் புரிந்தது. பதினோரு வருடமாக இடமில்லை, அனுமதியில்லை என்று சொல்லப்பட்ட தண்ணீர்க் குழாய்கள் ஒன்பதே நாளில் வந்தன. திறப்பு விழாவில் தொழிலாளர் நலன் பற்றி அரை மணி நேரம் பேசினார். கடைசி வரிசையில் இருந்த ரோஜா, அம்மாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து சிரித்தாள். அவளுக்குத் தெரிந்து வேலை நாளின் பகலில் அந்தக் கை தோல் நிறத்தில் இருந்தது அன்றுதான்.

அதற்குப் பிறகு தருண்குமார் மறுபடி வந்து, பொதுவாக வைப்பது பழைய முறை, இப்போது தனித்தனியாக எழுதுவதுதான் உலக வழக்கம் என்று வேறு நாற்பது படம் காட்டினார். தீபாவளி கழியட்டும், பிரித்துவிடலாம் என்றாள் ரோஜா. நான்கு தீபாவளி கழிந்துவிட்டது.

போன ஆவணியில் ராஜபாண்டியன் மகள் ஹர்ஷினிக்குக் கல்யாணம். ஷிப்ட் ஏழு மணிக்கு என்பதால் ஆறரைக்குள் முகூர்த்தம் கேட்டார்கள். ஜோசியரும் பார்த்துக் கொடுத்தார். அன்று ஒரு நாள் யூனிட்டுக்கு லீவு விட்டிருக்கலாம் என்பது அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தாரை வார்க்கும்போது ராஜபாண்டியனின் கை கைநிறமாகவே இருந்தது. பத்து மணிக்கு வந்த பெரிய மனிதர்கள் பளபளத்த வெள்ளிக் கையைக் குலுக்கினார்கள், கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு பந்திக்குப் போனார்கள்.