குருவியின் முறை

மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு ஒரு வியாதி உண்டு. எந்த வாக்கியத்தை ஆரம்பித்தாலும் மணி அடிப்பதற்குள் முடிக்க மாட்டார். கணக்கென்றால் பரவாயில்லை, மீதியை மறுநாள் போட்டுக்கொள்ளலாம். நேற்று அவர் அந்தரத்தில் விட்டது ஜெபத்தைப் பற்றிய வாக்கியம்.

"ஒருத்தருக்காக எல்லாரும் சேர்ந்து விடாம ஜெபம் பண்ணினா..." என்று ஆரம்பித்தார். மணி அடித்தது. பிள்ளைகள் புத்தகப் பையும் கையுமாகப் பறந்துவிட்டார்கள். 'மனசுக்குத் தெம்பா இருக்கும்' என்று முடிப்பதாக இருந்தார். அவர் விட்டதை, வீட்டுக்குப் போகும் வழியிலேயே வகுப்பு கூடிப் பேசித் தானாக முடித்துக்கொண்டது: 'அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது.'

வேறொரு நாளென்றால் அதுவும் காற்றோடு போயிருக்கும். ஆனால் இன்றைக்குக் குருவியின் அம்மாவுக்கு டவுன் ஆஸ்பத்திரியில் இதய ஆபரேஷன். குருவி என்பது வகுப்பு வைத்த பெயர். ஆளும் சின்னது, குரலும் சின்னது. தையல்காரரான அவள் அப்பா நேற்றிலிருந்து ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். வீட்டில் தனியாக இருக்க வேண்டாமென்று சித்தி காலையில் அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடினாள். அவசரத்தில் போட்ட பின்னல்களில் ஒன்று காதுக்கு மேலே நின்றது, ஒன்று கழுத்தில் தொங்கியது.

டீச்சர் வருகைப்பதிவு எடுத்து நிமிர்வதற்குள் ஏற்பாடெல்லாம் முடிந்திருந்தது. ஏற்பாட்டாளர், எதற்கும் நாலு கேள்வி கேட்பதால் வக்கீல் என்று பெயர் வாங்கிய பெண். மர ஸ்கேல் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள்.

"டீச்சர், இது யார் கையில இருக்கோ அவங்க கண்ண மூடி ஜெபம் பண்ணணும். மத்தவங்க படிக்கலாம். முடிஞ்சதும் பக்கத்துல குடுக்கணும். ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வர்ற வரைக்கும் நிக்கக் கூடாது."

"நின்னா?" என்று கேட்டுவிட்டு டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வக்கீல் குருவியை ஒரு தடவை பார்த்தாள். "நிக்காது டீச்சர்."

டீச்சர் சுவரைப் பார்த்தார். நிறுத்தச் சொல்லலாம். ஆனால் சுவரில் 'இந்த மாதப் பண்பு: நம்பிக்கை' என்று கொட்டை எழுத்தில் எழுதி, காகிதப் பூ வேறு ஒட்டி வைத்திருப்பது அவரேதான். அதன் கீழேயே நின்றுகொண்டு 'ஜெபத்தை நிறுத்துங்க' என்று எந்த வாயால் சொல்வது? சரி, நடக்கட்டும் என்று விட்டால், அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்த நேரத்தில் ஸ்கேல் யார் கையில் இருந்ததென்று இந்த வகுப்பு ஆயுசுக்கும் மறக்காது. பால் பல் விழுந்து முடியாத பிள்ளை ஒன்று அந்தப் பழியைத் தூக்கிக்கொண்டு அலையும்.

ஸ்கேல் கை மாறியது. டீச்சர் கரும்பலகையில் கழித்தல் கணக்குப் போட்டார். பெரிய எண்ணைக் கீழேயும் சின்ன எண்ணை மேலேயும் எழுதியிருப்பதைப் பிள்ளைகள்தான் சொன்னார்கள்.

இடைவேளை முடிந்ததும் தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்றார். பள்ளியில் இருக்கும் ஒரே போன் அவர் மேஜையில்தான்.

"என்ன டீச்சர், பாடம் நடக்குதா, ஜெபக்கூட்டம் நடக்குதா?"

"ரெண்டும் சார்" என்றாள் வக்கீல். "இங்க வந்துட்டா உங்களுக்கும் முறை உண்டு. இந்தாங்க."

அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கூரையைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் ஸ்கேலை வாங்கிக் கண்ணை மூடியவர், பிள்ளைகளெல்லாம் பண்ணியதை விட அதிக நேரம் மூடியிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குண்டூசி விழுந்தால் கேட்கும் வகுப்பைப் பார்த்து, "சத்தம் போடாதீங்க!" என்று அதட்டிவிட்டுக் கிளம்பினார்.

"போன்?" என்று டீச்சர் பின்னாலேயே போய்க் கேட்டார்.

"இன்னும் வரல."

சாப்பாட்டு நேரத்திலும் ஸ்கேல் நிற்கவில்லை. ஒரு கையால் சாப்பிட்டு மறு கையால் பிடித்துக்கொண்டார்கள். டீச்சருக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை. இத்தனை களேபரத்தில் தான் இன்னும் ஒரு வரி கூட ஜெபிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து பயப்படவே நேரம் சரியாக இருந்தது.

மதியம் எல்லோரும் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது, டப் என்றது.

ஸ்கேல் தரையில் கிடந்தது. குருவி மேஜைமேல் கன்னத்தைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ராத்திரி கண்ணே மூடாத பிள்ளை.

"டீச்சர், தூங்கிட்டா" என்றாள் வக்கீல். கோள் சொல்லும் குரல் இல்லை அது. நடுங்கியது.

பேச்சுச் சத்தத்தில் குருவி விழித்தாள். முதலில் தன் கையைப் பார்த்தாள், பிறகு தரையை. அழவில்லை. குனிந்து ஸ்கேலை எடுத்து, இரண்டு கையாலும் நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, கண்ணை இறுக்க மூடி, உதடு படபடவென்று அடிக்க ஜெபிக்க ஆரம்பித்தாள். போய்விட்ட பஸ்ஸைத் துரத்தி ஓடுவது போல இருந்தது.

"எவ்வளவு நேரம் நின்னுச்சு?" என்று பின்வரிசையில் யாரோ கிசுகிசுத்தார்கள்.

"கொஞ்ச நேரம்தான்."

"கொஞ்ச நேரம்னா?"

குருவி எழுந்து டீச்சர் மேஜைக்கு வந்தாள்.

"டீச்சர், ஒருவேளை அம்மா செத்துட்டா, அது நான் தூங்கினதாலயா?"

"இல்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மணி அடிக்கக் கூடாதா என்றிருந்தது டீச்சருக்கு. அடிக்கவில்லை.

"எனக்கு நிறைய தெரியாதுடா கண்ணு. அம்மா எப்ப எழுந்திரிப்பாங்கன்னு தெரியாது. நல்லாயிடுவாங்கன்னு அடிச்சுச் சொல்லவும் தெரியாது. ஆனா இது தெரியும். ஸ்கேல் கீழ விழுந்துச்சுன்னு உங்கம்மாவக் கைவிடுற கடவுள்னா, அவர்கிட்ட நான் ஜெபமே பண்ண மாட்டேன்."

சொன்ன பிறகுதான் தூக்கிவாரிப் போட்டது. வாசலில் தலைமையாசிரியர் நிற்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். இல்லை.

வக்கீல் எழுந்தாள். "அப்ப நாங்க எதுக்கு டீச்சர் காலையிலேர்ந்து ஜெபம் பண்ணினோம்?"

"அவ தனியா பயப்பட வேண்டாம்னுதான். நேத்து பாதியில விட்டது அதத்தான்."

"இத நேத்தே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்" என்றார் டீச்சர்.

குருவி ஸ்கேலை விடவில்லை. நம்பினாளா என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. வக்கீல் நகர்ந்து இடம் விட்டு, "இங்க வா. நான் பண்றேன், நீ படு" என்றாள். குருவி தலையை ஆட்டி மறுத்தாள்.

அப்போதுதான் தலைமையாசிரியர் வந்தார். ஓடியும் வராமல் நடந்தும் வராமல் வந்தார். "டீச்சர், போன்."

டீச்சர் முற்றத்தைக் கடந்தார். புடவையைப் பிடித்தபடி குருவியும் வந்தாள். வேண்டாம் என்று தடுக்க டீச்சருக்கு மனம் வரவில்லை. ரிசீவரில் தையல்காரரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கேட்டது.

"ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு டீச்சர். இன்னும் கண்ணு முழிக்கல. காலை வரைக்கும் ஒண்ணும் சொல்ல முடியாதுங்கறாங்க. பாப்பா இருக்காளா?"

கேட்டதை ஒரு வார்த்தை கூட மாற்றாமல் குருவியிடம் சொல்லிவிட்டு, ரிசீவரை அவள் காதில் வைத்தார்.

"அப்பா" என்றாள் குருவி. "நான் ஜெபம் பண்றப்ப தூங்கிட்டேன்ப்பா."

அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, டீச்சருக்குக் கேட்கவில்லை. குருவி உம் கொட்டினாள். இன்னொரு உம். பிறகு சன்னமாக என்னவோ சொல்லிவிட்டு ரிசீவரைத் திருப்பிக் கொடுத்தாள். லைன் போயிருந்தது.

"என்னம்மா சொன்னார்?" என்றார் தலைமையாசிரியர்.

"அப்பாவும் தூங்கிட்டாராம் சார். அம்மாவ உள்ள கூட்டிட்டுப் போனதும், வெளிய நாற்காலியிலயே. நர்ஸ் வந்து தட்டி எழுப்பினாங்களாம். அம்மாகிட்ட சொல்லிடாதேங்கறார்."

"நீ என்ன சொன்ன?"

"பரவாயில்லப்பா, நீங்க பாவம், இன்னும் கொஞ்ச நேரம் தூங்குங்கன்னு சொன்னேன்."

சொல்லிவிட்டு அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு டீச்சரின் இடுப்பில் தலையைச் சாய்த்து, அப்போதுதான், முதல் தடவையாக அழுதாள். டீச்சர் அவள் முதுகைத் தடவிக்கொண்டே ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தார். காலைக்கு இன்னும் ஒரு முழு ராத்திரி கிடந்தது.