கண்ணில் படாத கோடு

அரியலூர் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரி ஆபீசில் நான் டைப்பிஸ்ட். டைப்பிங் பரீட்சையில் இங்கிலீஷ் ஹையர் பாஸ். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. எண்பத்தேழில் டைப்ரைட்டரை ஓரமாக வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். டைப்ரைட்டரில் எழுத்து விழும் இடம் நகராது, காகிதம்தான் நகரும். இந்தப் பெட்டியிலோ கர்சர் என்று ஒரு பொடிக் கோடு கண்சிமிட்டிக்கொண்டு திரை முழுக்க ஓடும். அது நிற்கிற இடத்தில்தான் எழுத்து விழும். நாற்பது தாண்டிய என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. கண்ணாடி போட்டால் கிழவி என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்து, தெரிகிற மாதிரியே நடித்தேன்.

அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தேன். கர்சரைத் தேடிப் பிடித்ததும் அந்த இடத்தில் திரைமேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிடுவேன்.

நிரந்தரமாக்க வேண்டியவர்களின் பட்டியல் வந்தது. வேலையை விட்டுப்போன அய்யாக்கண்ணுவின் பெயரை எடுக்கவேண்டும். அந்த வரியில் பொட்டை ஒட்டினேன். கைபட்டு கோடு ஒரு வரி கீழே இறங்கியது எனக்குத் தெரியவில்லை. பொட்டைப் பார்த்தபடியே அழிக்கும் சாவியை அழுத்தி, பிரிண்ட் எடுத்து, தலைமை ஆபீசுக்கு அனுப்பிவிட்டேன்.

அழிந்தது பொன்னாயியின் பெயர். பதினோரு வருஷமாக அங்கே கல் சுமக்கிறவள். மறுவாரம் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள்.

"எம் பேரு இல்லியாமே சார். ஓடிப்போன அய்யாக்கண்ணு பேரு இருக்குதாம்."

மேனேஜர் எங்கள் பக்கம் திரும்பினார். "யாரு அடிச்சது?"

"தனமும்தான் சார் மெஷின்ல உக்காந்தா," என்றேன்.

வாய் தவறி வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். யோசித்துத்தான் சொன்னேன். பக்கத்து மேசைத் தனம் அப்போது தற்காலிகம். அவள் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

மேனேஜர் உள்ளே போனதும் என்னிடம் வந்தாள்.

"கோடு தெரியலன்னா சொல்லக் கூடாதாக்கா? கட்டையா ஆக்கிடலாம்."

பொட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு ஏதோ சில சாவிகளைத் தட்டினாள். கோடு, பட்டாணி அளவுக்குப் பச்சைக் கட்டமாக மாறியது.

"இப்ப தெரியுதாக்கா?"

"ம்."

வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் சாப்பிடப் போன நேரத்தில் மேனேஜர் திருத்தக் கடிதம் சொன்னார். பொன்னாயி பெயரைச் சேர்க்கவேண்டும். தற்காலிகப் பணியாளர் தனத்தின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை என்றும் போடச் சொல்லிவிட்டு எழுந்து போனார். அடித்தேன். தனத்தின் பெயருக்குப் பக்கத்தில் கர்சர் பளிச்சென்று நின்றது. அதை அழித்துவிட்டு என் பெயரைப் போட ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. நான் அப்படியே பிரிண்ட் எடுத்தேன்.

பொன்னாயிக்கு வேலை நிரந்தரமானது. தனத்தை, அந்தக் கடிதத்தைக் காட்டியே, அடுத்த மாதம் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தும் உத்தரவையும் நான்தான் அடித்தேன், ஒரு பிழைகூட இல்லாமல்.