அழிந்த சிப்

காசிராஜன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஏ.சி. போட்டால் கார் நின்றுபோகக் கூடாது.

1999 வைகாசி. அவர் மனைவி சண்முகத்தாய்க்கு மார்பில் கட்டி. ஆபரேஷன் முடிந்து, மதுரை ஆஸ்பத்திரியில் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்துக்கொண்டிருந்தார்கள். சனி, ஞாயிறு தவிர தினமும் ராஜபாளையத்திலிருந்து போய்வர வேண்டும். வெயில் பட்டால் அவளுக்கு வாந்தி நிற்காது. ஏ.சி.யைப் போட்டுவிட்டு எங்காவது காரை நிறுத்தினாலோ, அந்தச் சின்ன இன்ஜின் திணறித் திணறி அணைந்துவிடும்.

டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்த வைகுண்டராஜ்தான், புதுக் கார்களில் இன்ஜினை ஆட்டிவைப்பது டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

"மூணு வழி இருக்கு அண்ணாச்சி. காத்து போற ஸ்க்ரூவத் திருகி வேகத்தக் கூட்டலாம். ஆனா கம்ப்யூட்டரு அத மறுபடி இறக்கிரும். இல்லன்னா சூட்டச் சொல்லுத சென்சார ஏமாத்தலாம். அப்பொறம் பெட்ரோலக் குடிச்சுத் தள்ளும். மூணாவது, உள்ள இருக்க சிப்புலயே கணக்க மாத்தி எழுதுறது. அதுதான் சுத்தமான வேலை."

"முன்ன செஞ்சிருக்கியாலே?"

"முடிச்சுத் தந்துருவேன் அண்ணாச்சி" என்றான் வைகுண்டராஜ். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பதைக் காசிராஜன் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் காரை விட்டுப் போனார். சிப்பைக் கழற்றி, அதில் இருந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, மாற்ற வேண்டிய இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் ஞாயிறு காலை ஆகிவிட்டது. மதுரையிலிருந்து வர வேண்டிய வெற்றுச் சிப் வரவில்லை. சரி, இருப்பதையே அழித்துவிட்டு எழுதலாம் என்று அதை அழிக்கும் விளக்குப் பெட்டிக்குள் வைத்து மூடினான். அழித்து முடித்து வெளியே எடுத்த நேரம் தெருவில் கரண்ட் போயிற்று.

கரண்ட் வந்ததும் பைலைத் தேடினான். இல்லை. சேவ் செய்ததாக நினைத்திருந்தான். செய்யவில்லை.

மறுபடி தேடினான். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் தேடினான். சிப்பில் ஒன்றும் இல்லை, கம்ப்யூட்டரிலும் ஒன்றும் இல்லை. புதுப் பெட்டி கேட்டால் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். அதே மாடல் கார் இன்னொன்று கிடைத்தால் அதன் சிப்பிலிருந்து நகல் எடுக்கலாம். அவனுக்குத் தெரிந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் பரிபூரணம் டீச்சரிடம் ஒன்று இருந்தது. டி.வி.எஸ். 50-ஐ எடுத்துக்கொண்டு ஓடினான்.

ஆராதனை முடிந்து வெளியே வந்த டீச்சர், சர்ச் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார்.

"ஒரு வண்டியக் கொன்னுட்டு வந்து இன்னொண்ணக் கேக்கீங்களா?"

"இல்ல டீச்சர், நகல் மட்டும்..."

"அந்த வண்டிலயும் நகல் மட்டுந்தான எடுத்தீங்க?"

அவன் டி.வி.எஸ். 50-ஐத் திருப்பினான்.

சாயங்காலம் காசிராஜன் வீட்டுக்குப் போய், டீச்சர் மறுத்தது உட்பட உள்ளதைச் சொன்னான். அடிப்பார் என்று நினைத்தான். அவர் அடிக்கவில்லை. உள்ளே படுத்திருந்தவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "காலைல அவளக் கூட்டிட்டுப் போணும்லே" என்று மட்டும் சொன்னார். இரண்டாம் தடவையும் அதையே சொன்னார்.

திங்கட்கிழமை வாடகை அம்பாசிடரில் புறப்பட்டார்கள். கிருஷ்ணன்கோவில் தாண்டுவதற்குள் சண்முகத்தாய் வாந்தி எடுத்து எடுத்து மயங்கிவிட்டாள். இதற்குமேல் போக வேண்டாம் என்று டிரைவர் சொல்ல, வண்டியைத் திருப்பினார்கள். வருகிற வழியில் காசிராஜன் ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் விடச் சொல்லி, பரிபூரணம் டீச்சரின் வீட்டைக் கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்தார். அங்கே வாசலுக்கு வெளியே வைகுண்டராஜ் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தான்.

காசிராஜன் அவன் பக்கம் திரும்பவில்லை. "டீச்சர், செத்த நேரம் இவள நெழல்ல படுக்க வைக்கணும்" என்றார்.

டீச்சர் ஃபேனுக்கு அடியில் பாயை விரித்தார். ஈரத்துணியால் சண்முகத்தாயின் முகத்தைத் துடைத்தார். ரவிக்கைக்கு மேலே, கழுத்துவரை கருகியிருந்த தோலைப் பார்த்ததும் அவர் கை நின்றுவிட்டது. எழுந்து போய்க் கார் சாவியை எடுத்து வந்தார்.

"என் கண்ணு முன்னாலதான் செய்யணும். சிப்பு எங்கிட்டதான் இருக்கும்."

வைகுண்டராஜ் சிப்பை மெல்ல மெல்ல நெம்பினான். சிப்பின் கால் ஒன்று வளைந்தாலும் போயிற்று. கழற்றிக் கொடுத்ததை டீச்சர் ஜிகினாத் தாளில் சுற்றி, டிபன் பாக்ஸுக்குள் வைத்து மடியில் பிடித்தபடி, அதே அம்பாசிடரில் ராஜபாளையத்துக்கு வந்தார். நகல் எடுக்கும்வரை அவன் தோளுக்குப் பின்னாலேயே நின்றார். பிளாப்பியில் பதிந்திருக்கிறதா என்று அவன் திறந்து திறந்து பார்த்தான். "போதும், இருக்கு" என்று கடைசியில் டீச்சர்தான் சொன்னார்.

அழித்த சிப்பில் கணக்கை மாற்றி எழுதி மாட்டியதும் காசிராஜனின் கார் ஸ்டார்ட் ஆனது, ஏ.சி. போட்டும் நிற்கவில்லை. டீச்சரைத் திரும்பக் கொண்டுபோய் விட்டு, சிப்பை மாட்டியபோது அவர் காரும் ஸ்டார்ட் ஆனது. வைகுண்டராஜ் ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்து அழுதான்.

மறுநாள் விடியும்போது காசிராஜன் காரோடு அவன் வாசலில் நின்றார்.

"ஏறு."

"அண்ணாச்சி, கடை..."

"வழியில நின்னுச்சுன்னா யாருலே பாப்பா? ஏறு."

அன்றிலிருந்து தினமும் அவன் மதுரைக்குப் போனான். தண்ணீர்க் கூஜாவைப் பிடித்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்து, இன்ஜின் சத்தத்தில் சின்ன மாற்றம் கேட்டாலும் வியர்த்துப்போவான். காசிராஜன் அவனோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. சண்முகத்தாய்தான் எப்போதாவது, "தம்பி, இட்லி இருக்கு, தின்னு" என்பாள்.

ஒருநாள் டாக்டர் வெளியே தனியாக வந்தபோது வைகுண்டராஜ் வழிமறித்தான். "சார், அந்தத் திங்கக்கிழமை கரண்ட் வைக்காமப் போச்சே. அதனால அவங்களுக்கு..."

"ஒரு நாள்தானே? கடைசியில ஒரு நாள் சேத்துக்கிட்டோம். அதனால ஒண்ணும் ஆகாது."

அவன் தலையாட்டினான். நம்ப முடியவில்லை. அவள் ஒவ்வொரு தடவை குனிந்து வாந்தி எடுக்கும்போதும் அது அந்தத் திங்கட்கிழமையின் வாந்தியாகவே அவனுக்குத் தெரிந்தது.

சேர்த்துக்கொண்ட அந்தக் கடைசி நாளில் சண்முகத்தாயால் நடக்க முடியவில்லை. இருவருமாகத் தூக்கி வந்து பின்சீட்டில் படுக்க வைத்தார்கள். மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருந்தார்கள். நோய் போயிற்றா என்று அப்போதுதான் சொல்ல முடியுமாம். காசிராஜன் பின்னால் ஏறி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். சாவியை முன்சீட்டில் போட்டார்.

"நீ ஓட்டு. மெதுவாப் போ, அவளுக்குக் குலுங்கக் கூடாது."

வைகுண்டராஜ் பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினான். திருமங்கலம் தாண்டியதும் பின்னால் காசிராஜன் சத்தமில்லாமல் அழுவது கண்ணாடியில் தெரிந்தது. அவன் பார்வையை ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டான்.