உரக்கடைக்காரர் அலைமேல் நின்ற மாலை

உறுவையாறு கிராமத்தில் குழந்தைவேல் உரக்கடை வைத்திருந்தார். யூரியா வாங்கப் போகிறவன் மழை என்றைக்கு வரும், மகளை எந்தக் கல்லூரியில் சேர்க்கலாம், மூட்டுவலிக்கு என்ன எண்ணெய் என்பதையும் தெரிந்துகொண்டுதான் திரும்ப முடியும். கேட்கவே வேண்டாம், மூட்டையோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிடுவார். இந்த நாற்பத்தெட்டு வயதுக்குள் ‘எனக்குத் தெரியாது’ என்று அவர் வாயால் சொல்லிக் கேட்டவர் யாருமில்லை.

அதைத்தான் அவர் பந்தயத்தில் வைத்துவிட்டார். மடுகரையிலிருக்கும் மைத்துனன் கலைவேந்தன் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு சர்ஃபிங் வீடியோ ஒன்றைக் காட்டினான்.

“இதுல இன்னாடா கீது? எல்லாம் பேலன்ஸ்தான். நாலு நாள் கிளாஸ் போனா நின்னு காட்டுவேன்.”

“நிக்கலன்னா மாமா?”

“நிக்கலன்னா நம்ம குடும்ப குரூப்புல ‘எனக்குத் தெரியாது’ன்னு என் வாயால வாய்ஸ் போடுறேன். போதுமா?”

பாயச வாளியோடு வந்தவர்கூட அப்படியே நின்றுவிட்டார்.

ஐப்பசி மாதம், சீசன் இல்லை. மழைக்குப் பயந்து சுற்றுலாக்காரர்கள் யாரும் வராததால், மூர்த்திக்குப்பம் கடற்கரைப் பயிற்சி நிலையத்தில் ஒருவர் சேர்ந்தால் இன்னொருவர் இலவசம். இலவசத்தை வீணாக்குவது குழந்தைவேல் கொள்கைக்கு விரோதம். மனைவி ருக்குமணிக்கும் அதே மஞ்சள் பனியன், அதே கறுப்புக் கால்சட்டை, அதே ஹெல்மெட். பதினெட்டு வருட இல்லறத்தில் இருவரும் ஏறக்குறைய ஒரே சுற்றளவுக்கு வந்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எது யார் என்று சொல்ல முடியாது. மூன்று நாளாக ருக்குமணி துண்டு, செல்போன், முறுக்குப் பொட்டலம் ஆகிய மூன்றையும் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தாள்.

இன்று நான்காம் நாள். விட்டால் வேறு நாள் இல்லை. மறுநாள் முதல் புயல் எச்சரிக்கை, கடலுக்குள் யாரும் இறங்கக் கூடாது. வானம் கறுத்து, காற்று ஏறி, அலை ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்குச் சுருண்டு வந்தது.

குழந்தைவேல் பதினோரு முறை விழுந்தார்.

“அங்கிள், பலகையப் பாக்காதீங்க. கரையைப் பாருங்க” என்றாள் பயிற்சியாளர் சுவேதா. இருபத்துநாலு வயது, அந்த ஊர்ப் பெண்.

“தப்பு எம்மேல இல்லம்மா. காத்து கெழக்கால வருது, அலையோட சாய்மானம் சரியில்ல.”

“அலை நல்லாத்தான் அங்கிள் இருக்குது.”

பன்னிரண்டாவது முறை விழுந்து, அரை லிட்டர் வங்காள விரிகுடாவை விழுங்கி, நாலு காலில் கரையேறினார். முட்டி மடங்க மறுத்தது. எல்லாம் முடிந்தது.

சுவேதா வானத்தைப் பார்த்தாள். “இன்னும் பத்து நிமிஷம் வெளிச்சம் இருக்கு. ஆன்ட்டி, நீங்க ஒரு வாட்டி வாங்களேன்.”

ருக்குமணி எழுந்து மணலைத் தட்டினாள். “இந்தாங்க, போனைப் புடிங்க. முறுக்கு நனையாமப் பாத்துக்குங்க.”

அவள் கடலுக்குள் நடக்க நடக்க, குழந்தைவேல் செல்போனில் படமெடுத்தபடியே நான்கு அறிவுரைகளைப் பின்னால் அனுப்பினார். நான்கையும் காற்று வேறு பக்கம் கொண்டுபோனது. அவள் பலகையில் குப்புறப் படுத்தாள். பெரிய அலையொன்று பின்னால் எழுந்தது. சுவேதா தள்ளினாள்.

ருக்குமணி எழுந்து நின்றுவிட்டாள்.

முழங்கால் மடங்கி, இடுப்பு தாழ்ந்து, ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. நுரை இரண்டு பக்கமும் சீறுகிறது, அவள் பாட்டுக்கு வருகிறாள். கரைவரை வந்து, டவுன் பஸ் நிற்பதற்குள் இறங்குகிறவள் மாதிரி மணலில் கால் வைத்தாள்.

கரையில் குழந்தைவேல் குதித்த குதியில் முறுக்கெல்லாம் மணலில்.

அரை மணி நேரத்தில் கடலூர் சாலை ரெஸ்டோ பாரில் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தார்கள். இவருக்கு பீர், அவளுக்கு லெமன் சோடா. மெனுவில் ‘கோல்டன் கிரிஸ்பி கலமாரி’ என்றிருந்தது.

“கடம்பா வறுவல்தாம்மா, கணவா மீனு” என்றார் சப்ளையர் பக்கிரி. “சீசன்னா காலையில வறுத்து வச்சது. இப்ப கூட்டமில்ல, சுடச்சுட வரும்.”

வந்தது. ருக்குமணிக்கு அப்படியொரு பசி. அந்த நேரம் பார்த்து செல்போன் சிணுங்கியது. கலைவேந்தன்: ‘மாமா, நாலு நாள் முடிஞ்சுது. வாய்ஸ் எங்க?’

குழந்தைவேல் போனின் சத்தத்தை அணைத்துவிட்டு வீடியோவை ஓட்டிப் பார்த்தார். தூரத்தில் ஒரு மஞ்சள் பனியன், ஒரு ஹெல்மெட், பரிச்சயமான சுற்றளவு. மனைவியைப் பார்த்தார். அவள் கடம்பாவில் இருந்தாள். வீடியோவைக் குரூப்பில் போட்டு, கீழே ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வைத்தார். பொய் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை, மனிதர் நேர்மையானவர்.

வாழ்த்துகள் கொட்டின. சின்னப்பிள்ளைச் சித்தப்பா ‘சிங்கம்டா’ என்றார். குழந்தைவேல் பணிவோடு, மூச்சைக் கட்டுப்படுத்துவது பற்றி ஒரு பத்தி எழுதினார். இரண்டாவது தட்டு காலியாவதற்குள், நின்றது தான்தான் என்று அவருக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

கலைவேந்தனிடமிருந்து வாய்ஸ் வந்தது. குழந்தைவேல் விரலெல்லாம் எண்ணெய். ருக்குமணி எட்டி அழுத்தினாள்.

“மாமா, சவுண்டு வச்சுப் பாத்தேன். நீங்க அலைமேல நிக்கும்போது, ‘என் பொண்டாட்டி நின்னுட்டா’ன்னு கரையில உங்க கொரல்ல கத்துறது யாரு மாமா?”

ருக்குமணி மெல்லுவதை நிறுத்தினாள். சத்தத்தை முழுசாக வைத்து வீடியோவை ஓட்டினாள்.

“ஏய் ருக்கு! நின்னுட்டடீ! சுவேதா, பாரு, என் பொண்டாட்டி நின்னுட்டா! அய்யோ, வராளே! வராளே!”

கடைசியில் அவர் குரல் உடைந்து கீச்சென்றது. பார் மொத்தமும் திரும்பியது. ருக்குமணிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

“இன்னாங்க, இப்படியா கத்துனீங்க? நம்ம கல்யாணத்தன்னிக்குக்கூட நீங்க இவ்ளோ சந்தோஷப்படலியே!”

“இன்னொரு வாட்டி போடும்மா” என்றார் பக்கிரி. பக்கத்து மேசைக்காரர்கள் நாற்காலியோடு நகர்ந்து வந்தார்கள். மூன்றாவது தடவை ஓடும்போது குழந்தைவேலும் எட்டிப் பார்த்தார். அந்த இடுப்பு தாழ்கிற இடம் வந்ததும் மறுபடி அவர் உடம்பு சிலிர்த்தது.

அடுத்த வாய்ஸ்: “அக்கா எப்படி மாமா நின்னுச்சு?”

அவர் விரலைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். பேலன்ஸ், மூச்சு, காற்று, சாய்மானம் எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. வாயைத் திறந்தார்.

“எனக்குத் தெரியாதுடா மச்சான். நெஜமாவே தெரியாது. இரு, கேட்டுச் சொல்றேன்” என்றார்.

அனுப்பிவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். “எப்படிடி?”

“எங்கப்பா நடவுக்குச் சேத்தைச் சமப்படுத்தப் பரம்பு ஓட்டும்போது, பலகைமேல பாரத்துக்கு நான்தான் நிப்பேன். மாடு முன்னாலேந்து இழுக்கும், இது பின்னாலேந்து தள்ளுது. அவ்ளோதான்” என்றாள் ருக்குமணி, காலித் தட்டை நகர்த்தியபடி. “இன்னொரு பிளேட் கடம்பா சொல்லுங்க.”