நாற்சந்தியில் கேட்ட குரல்

பாலகிருஷ்ணனை இடித்துத் தள்ளிவிட்டுப் போன வண்டி எது என்று யாருக்கும் தெரியவில்லை. அவருக்கு மிஞ்சியதெல்லாம் ஒரு குரல்தான்.

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து வருவது அவர் வேலை. வெயிலானாலும் மழையானாலும் சைக்கிள்தான். ஐம்பத்தெட்டாம் வருஷக் கடைசி, மழைக்காலம். காலாங் பக்கம் வேலையை முடித்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தார். லாவண்டர் ஸ்திரீட் வந்து சிராங்கூன் ரோட்டில் சேருகிற நாற்சந்தி. பொழுது மங்கிக்கொண்டிருந்தது. பச்சை விளக்கைப் பார்த்துத்தான் மிதித்தார். பக்கவாட்டில் ஏதோ இரைந்துகொண்டு வந்தது. அடுத்து அவர் கண்ணுக்குத் தெரிந்தது ஈரத் தார் ரோடு. கன்னம் அதில் அழுந்திக் கிடந்தது. வலது காலை யாரோ அடுப்பில் வைத்தது போலிருந்தது.

பிறகு ஒரு கார் நின்றது. கதவு திறந்தது. தலைமாட்டில் ஒரு பெண் குரல், தமிழில், சாவதானமாகச் சொன்னது:

"இந்தாளு பொழைச்சுக்குவாரு. நீங்க வண்டிய எடுங்க, போயிடலாம்."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கார் போய்விட்டது. அத்தோடு அவருக்கும் நினைவு போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் மனைவி மங்களத்திடம் அவர் சொன்ன முதல் வார்த்தையே, "என்னை இடிச்சது நம்ம ஆளுங்கதான் மங்களம். தமிழ் ஆளுங்க" என்பதுதான். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சொல்லி முடித்தபோது அவள் முகம் சுண்டிப்போனது.

"மனுஷியா அவ? பொழைச்சுக்குவாருன்னு சொல்லிட்டு ஏறிப் போனாளா?"

வெள்ளைக்காரன் இடித்திருந்தால் திமிர் என்று விட்டிருப்பார். வேறு யாராவது என்றால் தலையெழுத்து என்றிருப்பார். தன் மொழியில் பேசுகிற ஒருத்தி, குனிந்து பார்த்துவிட்டு, எலி ஒன்று அடிபட்டுக் கிடப்பது போல விட்டுவிட்டுப் போனதை அவரால் விழுங்க முடியவில்லை.

காலில் மாவுக்கட்டோடு கெர்பாவ் ரோட்டு மாடி அறைக்கு அவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பலகைத் தடுப்பு வைத்துப் பிரித்த அறைகள். ஒரு குடித்தனத்தில் இருமினால் அடுத்த குடித்தனத்தில் தண்ணீர் கொடுக்கலாம். படுத்த படுக்கையாக இருப்பவனுக்குக் காதுதானே வேலை? பாலகிருஷ்ணன் குரல்களைக் கேட்டுக்கொண்டே கிடந்தார். கீழே காய்கறிக்குப் பேரம் பேசுகிறவள், குழாயடியில் சண்டை போடுகிறவள், கோயிலுக்குப் போகிற வழியில் பிள்ளையை அதட்டுகிறவள் என்று ஒவ்வொரு பெண் குரலுக்கும் தலையைத் தூக்குவார். இவளா? இல்லை. அடுத்தவளா? மங்களத்தைப் பார்க்க வந்த தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி, வாசலில் நின்று "போயிடலாம் வாங்க" என்று புருஷனைக் கூப்பிட்டபோது, அவளைத் திரும்பக் கூப்பிட்டு, காரில் போகிற பழக்கம் உண்டா என்று கேட்டுவிட்டார். அவள் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

பலகைக்கு அந்தப் பக்கம் மருதப்பன் குடியிருந்தான். டாக்சி ஓட்டுகிறவன். இளவயசு. மனைவி கமலா முழுகாமல் இருந்தாள். பாலகிருஷ்ணன் வீடு வந்த நாளிலிருந்து மருதப்பன் ரொம்பவே ஒத்தாசை. மாடிப்படியில் அவரைத் தூக்கி வந்ததே அவன்தான். ஆரஞ்சுப் பழம் வாங்கி வருவான், பேப்பர் கொண்டுவந்து கொடுப்பான், "வண்டி யாருதுன்னு ஏதாச்சும் தெரிஞ்சுதா அண்ணே?" என்று விசாரிப்பான்.

முதலில் அது பிரியமாகத்தான் பட்டது. ஒருநாள் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, கீழே நின்ற மருதப்பனின் டாக்சியைப் பார்த்தார். முன்பக்க மட்கார்டு நசுங்கியிருந்தது. நசுங்கிய இடத்தில் மட்டும் புதுச் சாயம்.

அதற்குப் பிறகு ஆரஞ்சுப் பழம் கசந்தது. எதற்கு இவன் இவ்வளவு செய்கிறான்? கூடப்பிறந்தவன்கூடச் செய்ய மாட்டானே. எதற்குத் திரும்பத் திரும்ப அதையே கேட்கிறான்? டாக்சி என்றால் உள்ளே சவாரி இருக்கும். சவாரியாக வந்தவள்தான் "வண்டிய எடுங்க" என்று சொல்லியிருப்பாள். எல்லாம் பூட்டுக்குச் சாவி போலப் பொருந்தியது.

"ஏங்க, அந்தப் புள்ளையப் போயி..." என்றாள் மங்களம்.

"புள்ளையா? பாலைக் குடிச்ச பூனைக்கு இருக்கிற பதைப்பு அவன் மூஞ்சியில இருக்கு. நீ பாக்கலை, நான் பாக்கறேன்."

கோல் ஊன்றி நடக்க வந்ததும் அவர் நேராகத் தெருமுனைக் கோப்பிக்கடைக்குப் போனார். சாயங்காலம், கடை நிறைய ஆட்கள். மருதப்பன் நண்பர்களோடு கோப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"மட்கார்டு எப்படிடா நசுங்குச்சு?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்.

மருதப்பன் திகைத்துப் போய் எழுந்தான். "பெட்ரோல் கடையில தூணுல இடிச்சுட்டேன் அண்ணே. ஏன்?"

"தூணா? தூணுக்கு ரத்தம் வந்துச்சா?"

கடை அடங்கிப் போனது. மருதப்பன் கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே போனான். மறுநாள் பாலகிருஷ்ணன் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்தார். டாக்சியை எடுத்துப் போய்ச் சோதித்தார்கள். பிழைப்பு இல்லாமல் மருதப்பன் வீட்டில் உட்கார்ந்தான். கடைசியில், விபத்து நடந்த நேரத்தில் அவன் பாய லேபார் விமான நிலையத்தில் வரிசையில் நின்றதற்குப் பல டாக்சிக்காரர்கள் சாட்சி சொன்னார்கள். வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"டாக்சிக்காரனுக்கு டாக்சிக்காரன் சாட்சி" என்று பாலகிருஷ்ணன் உதட்டைப் பிதுக்கினார். சந்தேகம் போகவில்லை. பலகைக்கு அந்தப் பக்கம் பேச்சு அடியோடு நின்றது. கமலாகூட மங்களத்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு காலை வேளை. கமலாவுக்கு வலி கண்டுவிட்டது. மருதப்பன் படிகளில் தடதடவென்று இறங்கி ஓடுவதும், யாரையோ கூட்டிக்கொண்டு ஏறி வருவதும் கேட்டது. முனகல், வெந்நீர்ச் சத்தம், அவசரமான காலடிகள். பிறகு கமலா ஒரேயடியாக அலறினாள். "ஐயோ, அவ செத்துடுவா போலிருக்கே" என்று மருதப்பன் தேம்பினான்.

அப்போது பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், சாவதானமாகச் சொன்னது:

"பொழைச்சுக்குவா. நீங்க வெளிய போங்க."

பாலகிருஷ்ணனின் கையிலிருந்த கோல் நழுவி விழுந்தது. அதே குரல். அதே நிதானம். அதுவும் மருதப்பன் வீட்டிலேயே! இத்தனை நாள் தன்னைப் பைத்தியக்காரன் என்றார்களே, இப்போது என்ன சொல்வார்கள்? இருவரும் கூட்டு. அன்றைக்கும் கூட்டு, இன்றைக்கும் கூட்டு.

குழந்தை அழும் சத்தம் கேட்டது. ஆண் பிள்ளை என்றார்கள். அவர் எதையும் காதில் வாங்காமல் மாடிப்படியின் மேல்முனையில் போய் நின்றுகொண்டார்.

வெள்ளைச் சேலையில், முக்காட்டைச் சரிசெய்தபடி, கையில் பெட்டியோடு வந்தாள் மருத்துவச்சி. வட்டாரம் முழுக்க 'மிஸ்ஸி' என்று கூப்பிடுகிற பதுருன்னிசா. களைத்திருந்தாள். அவர் கோலைக் குறுக்கே நீட்டினார்.

"இந்தாளு பொழைச்சுக்குவாரு, வண்டிய எடுங்கன்னு சொன்னது நீதானே?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு காலைப் பார்த்தாள். பெட்டியைத் தரையில் வைத்தாள்.

"லாவண்டர் முனையில கெடந்தது நீங்களா?"

"ஒத்துக்கறியா?"

"சொன்னேன். கால் கோணல் இல்லாம சேர்ந்திருக்கா?" என்றவள், அவர் பதில் சொல்வதற்குள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "லாரி ஒண்ணு உங்கள அடிச்சுட்டு, நிக்காம மேல் சிராங்கூன் பக்கமாப் போச்சு. பின்னாடி விளக்குகூட இல்ல. நான் டாக்சில வந்துக்கிட்டு இருந்தேன். நிறுத்தச் சொல்லி எறங்கினேன். முந்தானையக் கிழிச்சுக் கால்ல கட்டுப் போட்டேன். மூச்சு நல்லா இருந்துச்சு. முனைக்கடைச் சீனர்கிட்ட ஆம்புலன்சுக்கு போன் போடச் சொல்லிட்டுத்தான் ஏறினேன்."

ஆஸ்பத்திரியில் தாதி ஒருத்தி, யாரோ கட்டைச் சரியாகப் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னது அவர் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"ஏறி... எங்க போனீங்க?" அவரையும் அறியாமல் மரியாதை வந்துவிட்டது.

"பொத்தோங் பாசிர்ல ஒரு பிரசவம். ரத்தப்போக்கு நிக்கலைன்னு ஆள் அனுப்பியிருந்தாங்க."

"அந்தம்மா?"

பதுருன்னிசா முக்காட்டு நுனியால் நெற்றியைத் துடைத்தாள். "புள்ள இருக்கு. நான் போய்ச் சேந்தப்ப தாயக் காப்பாத்த முடியாதபடி ரொம்ப நேரமாயிருந்துச்சு. அதுக்கப்புறம் கொஞ்ச நாளைக்கு எனக்கு எதுவுமே ஓடலை. லாரியப் பத்தி போலீஸ்ல சொல்லியிருக்கணும். விட்டுட்டேன்."

ரொம்ப நேரம். அந்த நேரத்தில் எவ்வளவு தன் காலுக்குக் கட்டுப் போடுவதில் போனது என்று பாலகிருஷ்ணன் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள். கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு அவரும் படியில் உட்கார்ந்தார். கைகள் தாமாகக் குவிந்தன.

"கும்பிடாதீங்க. வாங்க, போலீஸ்ல போய்ச் சொல்லிடலாம். இப்பவாச்சும்" என்றாள் அவள்.

அன்றே இருவரும் போனார்கள். அதிகாரி கேட்டு எழுதிக்கொண்டார். இத்தனை மாசம் கழித்து விளக்கில்லாத ஒரு லாரியை எங்கே தேடுவது என்று கையை விரித்தார். அந்த லாரி கடைசிவரை அகப்படவே இல்லை.

ஆனால் அன்று மாலை பாலகிருஷ்ணனுக்கு லாரி முக்கியமாகப் படவில்லை. மருதப்பன் வீட்டு வாசலில் போய் நின்றார். மருதப்பன் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். அவரைக் கண்டதும் தட்டுகிற கை நின்றது.

"தம்பி, என் மேலதான் தப்பு. வீணா உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சுடு."

மருதப்பன் குரலை உயர்த்தவில்லை. பிள்ளை தூங்கியிருந்தது. "இங்க, ஆளில்லாத இடத்துல சொல்றீங்க. இடிச்சவன்னு மட்டும் கோப்பிக்கடையில வச்சுச் சொன்னீங்க. இன்னிக்கும் அந்தக் கடையில பாதிப் பேரு என் டாக்சில ஏற மாட்டேங்கறாங்க."

பாலகிருஷ்ணன் படி இறங்கினார். கோப்பிக்கடையில் வழக்கமான கூட்டம். நடுவில் போய் நின்று, கோலால் தரையைத் தட்டினார். எல்லாரும் திரும்பினார்கள். ஒருமுறை கனைத்துக்கொண்டார்.

"மருதப்பன் என்னை இடிக்கலை. நான் பொய்யாப் பழி போட்டேன். என்னை இடிச்சது ஒரு லாரி. பாத்தவங்க இருக்காங்க. போலீஸ்லயும் சொல்லியாச்சு. அந்தப் பையன் மேல ஒரு குத்தமும் இல்ல."

யாரோ "இப்ப சொல்லி என்ன லா" என்றார்கள். யாரோ சிரித்தார்கள். அவர் அசையவில்லை. சரியாகக் கேட்காதவர்களுக்காக இன்னொரு தரம், முதலிலிருந்து, சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தார்.